எலொடி கை நீட்டினால்

"இந்தக் கைய நீட்டினேன்னா முதலையே நின்னுடும், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே எலொடி ஆர்சனோ பூங்கா வாசலில் தலைகளை எண்ணுகிறாள். ஆள்காட்டி விரல் ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டும் தொடாமலும் நகர்கிறது. கடைசித் தொப்பி வந்ததும் குரல் கொஞ்சம் இறங்குகிறது. "சரி, சரி. அந்த முதலை முன்னாடியே படுத்துத்தான் கெடந்துச்சு. ஆனா கண்ணத் தொறந்து ஒரு பார்வ பாத்துச்சில்ல? அதுக்குமேல ஒரு முதலகிட்ட என்ன மரியாதய எதிர்பாக்கறீங்க?"

செயின்ட் ஓமர் ஊரின் சைப்ரஸ் சதுப்புப் பூங்காவில் சனிக்கிழமைக் காலை, பறவை பார்க்கும் நடை என்றால் அது அவளுடைய நேரம். பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பழகிய உடம்பு. ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன. அவள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள், பஸ்தான் அவளை விட்டு இன்னும் இறங்கவில்லை. எண்ணாமல் கிளம்ப மாட்டாள். தண்ணீருக்கு மேலே போகும் பலகைப் பாதையில் முதல் அடி வைக்கும்போது, இல்லாத கதவொன்றை வலது கை இழுத்து மூடும். நடக்கும்போது அவ்வப்போது நெற்றிக்கு மேலே பார்வையை வீசுவாள். அங்கே கண்ணாடி எதுவும் கிடையாது. ஆனாலும் பின்னால் யார் பேசுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஏர்லீன், பேச்சக் கொறை. இந்த வயசுல ஒன்ன முன் சீட்டுக்கு மாத்த வெச்சிராத."

"முன் சீட்டுலதான் நீ இருப்பியே. அது எனக்குத் தண்டனையா, ஒனக்கா?"

ஏர்லீன் பேட்டிஸ்ட் அதே பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளராக இருந்தவள். எலொடியிடம் வாய் கொடுத்து மீளத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருவர் கொஞ்ச தூரத்தில் வருகிறார், வரட்டும்.

முக்கியமானது இடது கை. பள்ளிக்கூட பஸ் நின்றதும் அதன் இடது விலாவிலிருந்து சிவப்புப் பலகை ஒன்று மடக்குக் கத்தி மாதிரி விரிந்து வெளியே நீளும். நீண்டால் தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றாக வேண்டும், மேயராக இருந்தாலும் சரி. அந்தப் பலகை இப்போது எலொடியின் தோளில் குடியேறிவிட்டது. காதில் ஒரு பறவைக் குரல் விழுந்ததும் கை விலாவிலிருந்து விரிந்து நீளும். நடை நின்றுவிடும். கை காட்டிய திசையில் எல்லாப் பைனாகுலர்களும் எழும்பும். பாயூ என்கிற அந்தத் தேங்கிய ஓடை எல்லாம் பச்சைப் பாசி மூடி, கம்பளம் விரித்த கூடம் போலக் கிடக்கும். சைப்ரஸ் வேர்கள் தண்ணீருக்கு மேலே முட்டி முட்டியாக நீட்டிக்கொண்டு, கும்பலாகக் குளிக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கும். கிளைகளிலிருந்து தொங்குபாசி தாடி தாடியாக இறங்கும். அத்தனைக்கும் நடுவில் கட்டைவிரல் அளவுப் பறவை ஒன்றைக் கண்ணால் தேடுவது நடக்கிற காரியமில்லை. முதலில் காது, அப்புறம்தான் கண். அதனால்தான் அந்தக் கைக்கு அவ்வளவு மதிப்பு.

குரல்களை அவள் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் புத்தகம் கிடையாது, பஸ்தான் உண்டு. சிவப்புத் தலை மரங்கொத்தி என்றால், வீட்டுப்பாடம் செய்யாதவன் தொண்டையைச் செருமுவது. புதருக்குள்ளே சண்டைக்கு இழுக்கும் அந்தச் சின்னக் குருவி, சன்னல் பக்கத்துக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி. பகலிலும் தூங்காமல் 'ஒனக்கு யாரு சமைக்கிறா' என்று விசாரிக்கும் பட்டை ஆந்தை, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரி. மரத்தின் உச்சியில் கரகரவென்று ஏறி முடிவில் டப்பென்று நிற்கும் குரல், மதியச் சாப்பாட்டுப் பையின் ஜிப்பை யாரோ ரகசியமாக இழுப்பது. அதற்கு ஜிப்குருவி என்றே பெயர் வைத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் ராணி, ஊரார் கேனரி என்று கூப்பிடும் சதுப்புக் குருவி. ஆரஞ்சை நெருங்கும் மஞ்சள்; இருட்டான தண்ணீருக்கு மேலே யாரோ விளக்கேற்றி வைத்தது போலிருக்கும். அதன் குரல், பின் சீட்டிலிருந்து கோள் சொல்ல எழுந்த சிறுமி: 'மிஸ் மிஸ் மிஸ் மிஸ்!' ஒரே சுருதியில், விடாமல், என்ன என்று கேட்கும் வரை.

இந்தக் கேனரியை வைத்து நடைக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. குளிர்காலம் முடிந்து, கடல் தாண்டி, கேனரி இந்தச் சதுப்புக்குத் திரும்பி வரும். அந்த வருடத்தின் முதல் குரலை யார் கேட்டுக் கை நீட்டுகிறாரோ, அடுத்த வசந்தம் வரை நடைக்கு அவர்தான் தலைவர். அடுத்த சனிக்கிழமை தண்ணீரோரக் கொட்டகையில் சேற்று இறால் வேகும். கேனரி கேட்காமல் இறால் கிடையாது. பங்குனி வெயில் ஏறி, ஊரெல்லாம் இறால் தின்று விரல் சிவந்து திரியும்போது இந்தக் கூட்டம் மட்டும் நாக்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

எலொடிக்கு முன்னால் தலைவராக இருந்தவர் ஆல்சீ மெலான்சோன். வரட்டும் என்று நான் சொன்ன அந்த இன்னொருவர். இறால் குளங்கள் வைத்திருக்கிறார். குடம் மாதிரி வயிறு, அதைத் தூக்கிப் பிடிக்கத் தோளில் மாட்டிய இரண்டு பட்டைகள். ஒரு வசந்தத்தில், உடைந்த சைப்ரஸ் அடிமரத்துக்குப் பக்கத்தில் அவர் தும்மிய நேரம் பார்த்து எலொடி கை நீட்டிவிட்டாள். அந்தத் தும்மலை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

"ஒரு தும்மல்ல ஆட்சி கவுந்துச்சு," என்பார். "இல்லாட்டி இந்நேரம் ஒங்களையெல்லாம் உக்கார வெச்சே பறவ காட்டியிருப்பேன்."

"உக்காந்தா நீ எந்திரிக்க மாட்டியே ஆல்சீ. அப்புறம் ஒன்னையில்ல நாங்க பாத்துக்கிட்டு இருக்கணும்," என்பாள் எலொடி.

இப்படி வாய்ச் சண்டையிலேயே வருடங்கள் போயின. கை மட்டும் எலொடியுடையதாகவே இருந்தது.

இரண்டு வசந்தங்களுக்கு முன்னால் ஜிப்குருவிகள் குறைய ஆரம்பித்தன. "இந்த வருசம் ஜிப்பே கம்மி," என்று எலொடி கவலையோடு சொன்னாள். "வயலுக்கு அடிக்கிற மருந்து. வேற என்ன." கூட்டமும் கவலையோடு தலையாட்டியது. போன வருடம் இன்னும் குறைந்தன. உச்சிக் கிளையில் அலகு திறந்து மூடுவது பைனாகுலரில் தெரியும், குரல் வராது. குளிரில் தொண்டை கட்டியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

உண்மையைக் கொண்டு வந்தவள் ஏர்லீன். ஒரு நாள் காபிக்கு வந்தவள் சமையலறையில் காலை வைத்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இதென்னடி, இந்தக் கீச்சு கீச்சோட எப்பிடி இருக்கற?"

"எந்தக் கீச்சு?"

ஏர்லீன் கூரையைக் காட்டினாள். புகை வந்தால் அலறுகிற சின்ன வட்டப் பெட்டி. பேட்டரி தீர்ந்துபோனால் நிமிடத்துக்கொரு தரம் கீச்சிடும். அது எத்தனை நாளாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்ததோ, பக்கத்து வீட்டு நாயைக் கேட்டால் தெரியும். எலொடி கூரையைப் பார்த்தாள், ஏர்லீனைப் பார்த்தாள். "பேச்சுத் துணைக்கு வெச்சிருக்கேன்," என்றாள்.

ஏர்லீன் நாற்காலி போட்டு ஏறினாள், பேட்டரியை மாற்றினாள், இறங்கி வந்து காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடித்தாள். அதற்குப் பிறகும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்று ராத்திரி எலொடிக்குப் புரிந்துவிட்டது. ஜிப்குருவிகள் எங்கேயும் போகவில்லை. அவற்றின் குரல்தான் அவளுடைய காது வாசல் வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. உச்ச சுருதிக் குரல்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகின்றன. அடுத்த நிறுத்தம் கேனரியுடையது.

தலைமை போனால் என்ன, தலையா போய்விடும் என்று கேட்கலாம். அவளுக்குக் கிட்டத்தட்டத் தலைதான். சனிக்கிழமை இல்லாத எலொடியை அவளுக்கே யாரென்று தெரியாது. ஆகவே ஒரு பஸ் ஓட்டுநர் செய்வதைச் செய்தாள்: காதை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். நடக்கிறவர்களின் முகங்களைப் பார்த்தாள். யார் பேச்சை நிறுத்துகிறார், யார் தலை எந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு தலை சாய்ந்தால் போதும், அவள் கை நீண்டுவிடும். "கேட்டீங்களா?" என்பாள். கேட்டவர்கள் மெச்சிக்கொள்வார்கள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். தங்கள் காதைப் பற்றித்தான் அவர்களுக்குக் கவலை, அடுத்தவர் காதைப் பார்க்க நேரமில்லை.

இந்த வசந்தம் அப்படி வந்தது. சைப்ரஸ்களில் இளம்பச்சை பூசியாகிவிட்டது. கொக்குகள் கல்யாண இறகு கட்டிக்கொண்டு திரிந்தன. கேனரியை மட்டும் காணோம். பலகைப் பாதையில் ஆல்சீ முன்னால் போய்க்கொண்டிருந்தார், எலொடி அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு பின்னால். உடைந்த அடிமரம் பக்கத்தில் வருகிறது; கேனரி வருடா வருடம் முதலில் வந்து உட்காரும் இடம், தும்மல் சரித்திரம் நடந்த இடம். ஆல்சீ நின்றார். அவருடைய தலை மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் சாய்ந்தது.

எலொடியும் நடையை நிறுத்தினாள். கேட்டுவிட்டான். இன்னும் ஒரு நொடியில் கை நீட்டிவிடுவான்.

அவளுடைய கை நீண்டது. நேராக அடிமரத்தை நோக்கி.

"கேனரி!" என்றாள்.

ஒரு கணம் சதுப்பே அடங்கிப்போனது. எங்கோ ஒரு தவளை மட்டும் அடங்கவில்லை. ஆல்சீ திரும்பினார்; கழுத்தோடு உடம்பும் சேர்ந்து திரும்பியது. முகம் வெளிறியிருந்தது. பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டார். "ஆமா ஆமா. நல்லாவே கேட்டுச்சு. நான்தான் ஒனக்கு விட்டுக் குடுத்தேன்."

"எவ்வளவு சுத்தமான சுருதி!" என்றாள் மிஸ் ஓபல். கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவள். அவள் சுருதி என்று சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. அதன்பின் ஆளாளுக்குக் கேட்டது. ஒருவருக்கு இரண்டு தரம்கூடக் கேட்டது. ஏர்லீன் எலொடியைப் பார்த்தாள், அடிமரத்தைப் பார்த்தாள், கடைசியில் தன் காலணியைப் பார்த்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது எலொடிக்குப் பாதி நிம்மதி, பாதி குறுகுறுப்பு. திருட்டு என்று சொல்ல முடியாது. கேனரி வந்தது உண்மை, ஆல்சீயின் காதே சாட்சி. அவள் எடுத்துக்கொண்டது ஒரு நொடிதான். அந்த நொடியை அவன் தும்மலிலிருந்தும்தானே ஒரு தரம் எடுத்தாள். ஆனாலும் புதன்கிழமை யாருக்கும் தெரியாமல் பூங்காவுக்குப் போய், அடிமரத்துக்கு எதிரே பலகையில் உட்கார்ந்து, வாங்கி வந்த அரிசித் தொத்திறைச்சி ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆமை ஒன்று முட்டிவேரில் ஏறி, அவளையே பார்த்து, அலுத்துப்போய்த் தண்ணீரில் விழுந்தது. பெட்டையைத் தேடிப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை கொட்டகையில் இறால் வெந்தது. ஆல்சீயின் குளத்து மூட்டைகள், ஆல்சீயின் அண்டா, ஆல்சீயின் கரண்டி. தலைமை இல்லாவிட்டாலும் அடுப்பு அவருடையதுதான். மிளகாய் வாசனை மூக்கில் ஏறி எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் அழுதுகொண்டிருந்தார்கள். நீள மேசையில் செய்தித்தாள் விரித்து, சோளமும் உருளைக்கிழங்கும் இறாலுமாக அவர் கொட்டியதும் பேச்சு நின்று கைகள் பேச ஆரம்பித்தன. வாலை முறி, ஓட்டை உரி, தலையை உறிஞ்சு. எலொடி தலைவி ஆனதால் மேசையின் தலைப்பக்கம், அடிமரம் தெரிகிற மாதிரி, படகுக் கொட்டகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஆல்சீக்கு வயிறு நிரம்பினால் பெருமை வெளியே வரும். இரண்டாவது குவியலில் வந்துவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? மெலான்சோன், இது கெழவன் காது இல்ல, இருவது வயசுப் பையன் காதுன்னார்."

"ஐயோ பாவம். அந்தப் பையனத் தேடிப் புடிச்சுத் திருப்பிக் குடுத்துருங்க," என்றாள் ஏர்லீன்.

மேசை சிரித்தது. மிஸ் ஓபல் மட்டும் சிரிக்கவில்லை. சோளத்தைக் கீழே வைத்தாள். "மிஸ்டர் ஆல்சீ, நல்லா இருக்கிற காத எதுக்கு டாக்டர்கிட்டக் கொண்டுபோனீங்க?"

"அது... சும்மாதான். வண்டிய சர்வீஸ் விடறதில்லையா."

"நீங்க வண்டியவே சர்வீஸ் விட்டதில்லையே," என்றாள் ஏர்லீன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆல்சீ மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஓடுவதற்கு ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ஓபல். "சரி, சொல்லிடறேன். போன வாரம் எலொடி கை நீட்டினாளே, அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. போதுமா? என் காது போச்சுன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல. டவுனுக்குப் போனா தெரிஞ்சவங்க பாப்பாங்கன்னு தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டுப் போனேன்."

மிஸ் ஓபலின் கண்கள் விரிந்தன. "ஒங்களுக்கும் கேக்கலையா?"

"ஒங்களுக்கும்னா?"

"சுருதி சுத்தம்னு சொல்லிட்டேனே தவிர, எனக்கு ஒரு சத்தமும் வரல. ஞாயித்துக்கெழம ஆர்கன்ல கைய வெக்கவே பயம். தப்பு வாசிச்சா எனக்கே தெரியாதேன்னு ஒவ்வொரு பாட்டையும் இழுத்து இழுத்து வாசிச்சேன். நேரம் ஆயிடுச்சுன்னு ஃபாதர் பிரசங்கத்தப் பாதியிலயே முடிச்சுட்டார். ஊரே வந்து எனக்குக் கை குடுத்துச்சு. எதுக்குன்னே புரியல."

"எனக்கும் கேக்கல," என்றது மேசையின் கோடி. "எனக்குந்தான்," என்றது இன்னொரு கோடி. "ரெண்டு தரம் கேட்டுச்சுன்னு சொன்னவர் யாரு?" என்று ஆல்சீ தேடினார். அவர் உருளைக்கிழங்குக்குள் ஒளிந்துகொண்டார். சிரிப்பு மேசையைச் சுற்றி ஓடியது. ஒரு வாரம் தனித்தனியாகச் செவிடாகியிருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காது திரும்பி வந்த சந்தோஷம். ஆளுக்கு ஆள் முதுகில் தட்டிக்கொண்டார்கள். சட்டைகளிலெல்லாம் சிவப்பு விரல்கள்.

ஏர்லீன் மட்டும் தலை நிமிரவில்லை. உரித்த இறாலையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் மிஸ் ஓபல், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கேட்டுவிட்டாள்: "அப்போ யாருக்குத்தான் கேட்டுச்சு?"

எல்லாத் தலைகளும் மேசையின் தலைப்பக்கம் திரும்பின.

எலொடிக்கு வாயில் ஆயிரம் கதைகள் உண்டு. முதலையையே நிறுத்தியவள். அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. ஆல்சீயைப் பார்த்தாள். "நீ தலையச் சாய்ச்சியே," என்றாள்.

"எப்போ?"

"அடிமரத்துகிட்ட. நான் கை நீட்டறதுக்கு முன்னாடி. மெதுவா, இப்பிடி."

அவள் சாய்த்துக் காட்டினாள். ஆல்சீ யோசித்தார். முகம் தெளிந்தது. "அதுவா! கழுத்துப் புடிப்பு. ஒரு வாரமா மர உச்சியவே அண்ணாந்து பாத்துப் பாத்து ஒரு பக்கம் அப்பிடியே புடிச்சுக்கிச்சு. சாய்ச்சா கொஞ்சம் எதம்." சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கே அப்போதுதான் கேட்டது. கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை அங்கேயே நின்றது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. கேனரி வந்திருக்கவில்லை. ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஒரு கிழவரின் கழுத்துப் பிடிப்பைக் கேட்டு அவள் கை நீட்டியிருக்கிறாள். மேசை முழுக்க அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அண்டா கொதிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அது தாழ்ந்த சத்தம், கேட்கும். எலொடி சிவந்த விரல்களை செய்தித்தாளில் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். இந்த வருடம் யாராவது வேறு ஆள் தலைகளை எண்ணட்டும் என்று சொல்லிவிடலாம். அதைச் சிரிப்பு வருகிற மாதிரி சொல்ல ஒரு வழி தேடினாள்.

அப்போதுதான் ஏர்லீனின் கைகள் நின்றன. அவளுடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மிஸ் ஓபலின் தலை. அவள் விரல் ஒன்று தானாக மேசையில் தாளம் தட்டியது, ஒரே கட்டையில், நான்கைந்து தரம். பிறகு உருளைக்கிழங்குக்காரர். பிறகு ஆல்சீ, கழுத்து வலிக்க வலிக்க.

இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கழுத்துப் பிடிக்காது.

எலொடி காதைத் தீட்டினாள். அண்டா. தவளை. வேறு ஒன்றுமில்லை. ஆனால் அவர்களின் முகங்களில் தெரிந்தது: பின் சீட்டில் ஒரு சிறுமி எழுந்து நின்றுவிட்டாள், என்ன என்று கேட்கும் வரை விடமாட்டாள். ஆல்சீயின் கை மேசைக்கு மேலே எழுந்தது. பாதி தூரம் வந்தது. சட்டப்படி அது அவர் வருடம், அந்தத் தும்மலுக்கு வட்டியோடு.

எலொடியின் இடது கையும் எழுந்தது. வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது, கைக்குத் தோன்றவில்லை. விலாவிலிருந்து விரிந்து, எப்போதும் போல உடைந்த அடிமரத்தை நோக்கி நீண்டு நின்றது. அடிமரத்தில் ஒன்றுமே இல்லை.

யாரும் பைனாகுலரைத் தூக்கவில்லை.

ஆல்சீ பாதியில் நின்ற தன் கையை இறக்கினார். பெஞ்சிலிருந்து எழுந்தார், அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, மிளகாய் ஒட்டிய விரல்களால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். துருப்பிடித்த கீலைத் திறப்பது போல, வலிக்காமல், அந்தக் கையை அப்படியே பின்பக்கமாகத் திருப்பினார். கையோடு அவளும் திரும்பினாள். படகுக் கொட்டகையின் கூரையோரத்தில் யாரோ எப்போதோ மாட்டிவிட்டுப் போன பழைய காபிக் கெண்டி. அதன் மூக்கில், ஏற்றி வைத்த விளக்கு மாதிரி, மஞ்சளாய் ஒன்று. அலகு திறந்து மூடித் திறந்து மூடியது.

"அங்க இல்ல எலொடி," என்றார் ஆல்சீ. "இங்க."